கையால் மட்டுமே

கட்டப்பனையில் இருக்கும் மகள் வீட்டோடு இருந்துகொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டு, ஒரு பையும் உளிப்பெட்டியுமாக அவன் கிளம்பினான். நான் பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்.

"போயிட்டு வா."

மறுநாள் மதியம் பட்டறை வாசலில் வந்து நின்றான். கையில் அதே பை, அதே பெட்டி.

"என்ன மச்சான், மக வீட்டுல சண்டையா?"

"இல்லயே. நீதான போயிட்டு வான்னு சொன்ன. போனேன். வந்துட்டேன்."

தண்ணீர் கேட்டுக் குடித்தான். குமுளி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.

"இப்பச் சரியாச் சொல்லு மாப்ள. நான் போயி அங்கனயே இருக்கணும்" என்றான்.

அப்படியென்றால் 'போ' என்று சொல்ல வேண்டும். ஊருக்குக் கிளம்புகிறவனிடம் யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. எனக்கு நாக்கு எழவில்லை. "சரி" என்றேன்.

"சரின்னா சரி" என்று போய்விட்டான். பிறகு வரவில்லை. ஆறேழு வருஷம் இருக்கும்.

அவன் பெயரை எழுதவில்லை. எழுதினால் யாராவது அவனுக்குப் படித்துக் காட்டுவார்கள். எந்த இடத்தில் எந்த வார்த்தை நடந்தபடி இல்லை என்று சொல்ல மலை இறங்கி வருவான்.

அவன் தச்சன். நான் மிஷின்காரன். சின்னமனூரிலிருந்து உத்தமபாளையம் போகிற ரோட்டில் எங்கள் ஊர். ஊர் முனையில் ஒரே தகரக் கொட்டகையை ஆளுக்குப் பாதியாக வைத்திருந்தோம். கிழக்குப் பாதி என்னுடையது. இழைப்பு மிஷின், மரம் அறுக்கும் பேண்ட்சா, தேய்த்து வழுவழுப்பாக்கும் பெல்ட் சாண்டர். மேற்குப் பாதி அவனுடையது. மரம் செதுக்கும் வாய்ச்சி, உளி, இழைப்புளி, மர அரம், அவனுடைய இரண்டு கால்கள். கால்களையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். தரையில் உட்கார்ந்து, மரத்தை ஒரு பாதத்தால் அமுக்கி, இன்னொரு பாதத்தால் அண்டக் கொடுத்து வேலை செய்வான். கைத்தச்சர் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

ஒரே கூரைக்குக் கீழே இப்படி இரண்டு பேர் இருந்தால் ஊர் சும்மா இருக்காது. டீக்கடையில் அவனிடம் கேட்பார்கள்.

"ஏப்பா, கைவேலை ஒசத்தியா, மிசின் வேலை ஒசத்தியா?"

"எதுக்கு?" என்பான்.

கேட்டவர் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புவார்.

ஒருவர் சொன்ன வார்த்தை எதுவோ, அதுவே அவனுக்கு விஷயம். சொன்னவர் மனசில் என்ன இருந்தது என்று பார்க்க மாட்டான். டீ மாஸ்டர் ஒரு நாள் "ரெண்டே நிமிசம் இருங்க" என்றார். இவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு நிமிஷம் ஆனதும் எழுந்து நடந்தான். கிளாஸோடு மாஸ்டர் ரோடு வரை வந்தார். அதிலிருந்து அவர் இவனிடம் மட்டும் "எம்புட்டு நேரம் ஆகும்னு தெரியல, இருந்தா இருங்க" என்று சொல்ல ஆரம்பித்தார்.

பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் வந்தார். புது வீட்டில் இடம் இல்லையாம்.

"பெருசா வேணாம்ணே. கையகலத்துக்கு ஒரு சாமி அலமாரி போதும்."

"கையக் காட்டுங்க" என்றான்.

அவர் காட்டினார். இவன் நூலைப் பிடித்து அளந்துகொண்டான். ஒரு வாரம் கழித்து அலமாரி தயாராக இருந்தது. இரண்டு கதவு, கீல், கொண்டி, மேலே கோபுரம், எல்லாம் டீச்சருடைய உள்ளங்கை அகலத்தில். டீச்சர் முதலில் சிரித்தார். பிறகு அழுகிற மாதிரி ஆனார். பிறகு எடுத்துக்கொண்டு போனார். உள்ளே ஒரு கற்பூர டப்பா போகிறதாம்.

அவன் மனைவி இறந்தபோது ஊரே வந்தது. போகும்போது எல்லோரும் அவன் கையைப் பிடித்து, "என்ன வேணும்னாலும் கூச்சப்படாமச் சொல்லு" என்றார்கள். காரியம் முடிந்த மறுநாளிலிருந்து அவன் வீடு வீடாகப் போனான். சொன்னவர்கள் ஒருவரையும் விடவில்லை. ஒரு வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு கேட்டான். ஒரு வீட்டில் சட்டைப் பொத்தான் தைத்துத் தரச் சொன்னான். வாழைக்காய் மண்டிக்காரரிடம் போய், "வந்து எங்கூட அரை மணி நேரம் பேசாம உக்காந்துட்டுப் போங்க" என்றான். அவர் தட்ட முடியாமல் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்.

கடைசியாக என்னிடம் வந்தான்.

"நீயும் சொன்னேல்ல."

"சொன்னேன். என்ன வேணும்?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு மிசின நிப்பாட்டிர்ற. வீட்ல சத்தமே இல்ல மாப்ள. ஏழு வரைக்கும் ஓட்டு."

அவன் வீடு கொட்டகைக்குப் பின்னால்தான். நான் ஆறிலிருந்து ஏழு வரை வெறும் மிஷினை ஓட்டினேன். மரம் இல்லாமல். ஒரு மாசம் போல ஓடியது. ஒரு நாள் வந்து "போதும்" என்றான். நிறுத்தினேன்.

வில் விவகாரம் அதற்குப் பிறகு வந்தது.

எங்கள் ஊரில் விஜயதசமி அன்று சாமி மரக்குதிரையில் ஏறி ஊர் எல்லைக்குப் போகும். அங்கே ஒரு வாழை மரத்தை நட்டு வைத்திருப்பார்கள். பூசாரி வில்லில் நாணேற்றி அந்த மரத்தில் ஒரு அம்பு போடுவார். அம்பு பாய்ந்தால் ஊருக்கு நல்லது. பழைய வில்லைக் கரையான் தின்றுவிட்டதால் ஒரு வருஷம் நான் செய்து கொடுத்தேன். தடசு மரம். கோடாலிக் காம்புக்குப் போடுவோம், நன்றாக வளையும். காலையில் மிஷினில் கொடுத்தேன். மதியச் சாப்பாட்டுக்குள் வில் ரெடி. நாலு பக்கமும் கண்ணாடி மாதிரி இருந்தது.

பூசாரி இழுத்தார். பட்டென்று இரண்டாகப் போனது. ஒரு துண்டு பறந்து மரக்குதிரையின் ஒரு காதைத் தட்டிக்கொண்டு போனது. அம்பு பூசாரியின் காலடியிலேயே விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டம். அந்த வருஷம் காற்றில் வாழை சாய்ந்ததற்கு என் மிஷின் காரணம். போர்வெல்லில் தண்ணீர் இறங்கியதற்கும் அதுதான் காரணம். ஜன்னல் கட்டை இழைக்கக்கூட ஆட்கள் சின்னமனூருக்குப் போனார்கள். மிஷின்களின் மேல் சாக்கைப் போட்டு மூடினேன். வீட்டில், "வித்துட்டு வேற சோலியப் பாருங்க" என்றாள். மிஷின்களை வாங்கிக்கொள்ளக் கூடலூரிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். அடுத்த தசமி முடிந்த மறுநாள் வண்டியோடு வந்து ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார். அதற்குள் வேலை வந்தால் தரமாட்டேன் என்றேன். எங்கே வரப் போகிறது என்று அவரும் சிரித்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தசமி நெருங்கியதும் கோயில் கமிட்டி கூடியது. மண்டிக்காரர்தான் தலைவர். அவர் கையாலேயே தீர்மானத்தை நோட்டில் எழுதினார். 'இனி சாமி வில்லைக் கையால் மட்டுமே செய்ய வேண்டும்.' எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். வேலையை அவனுக்குக் கொடுத்தார்கள்.

அவன் நோட்டை வாங்கி விரல் வைத்துப் படித்தான். இரண்டு தடவை படித்தான். நான் கோயில் வாசலில் நின்றிருந்தேன். உள்ளே பேசியது கேட்டது.

"மட்டுமேன்னா?"

"மட்டுமேன்னா மட்டுந்தேன். மிசின் ஆகாதுங்கிறதுக்காக எழுதுனது."

"மிசின்னு ஒரு வார்த்தையும் இல்லயே அய்யா."

"சாமி நோட்டுல அதையெல்லாம் எதுக்கு எழுதிக்கிட்டு. அது ஒரு பேச்சுக்கு எழுதுறதுப்பா."

"பேச்சுக்குன்னா பேசிருக்கணும். எழுதிருக்கீக."

மண்டிக்காரர் நோட்டை மூடிவிட்டார்.

மறுநாள் காலையில் அவன் தடசுக் கட்டையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தான். பாதத்தால் அமுக்கினான். வாய்ச்சியை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. தன் காலைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"கால் இருக்கே மாப்ள" என்றான்.

"இருந்தா என்ன?"

"கையால் மட்டுமேன்னு இருக்கு."

"காலு இல்லாமத் தச்சு வேலை எப்படிப் பாப்ப?"

"அதத்தான் பாக்கணும்."

மூன்று நாள் பார்த்தான். இடது கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையால் இழைத்தான். மரம் கொட்டகை முழுக்க ஓடியது. இவன் பின்னாலேயே ஓடினான். மரத்தைக் கவ்விப் பிடிக்கிற இரும்பு வைஸ் என்னிடம் இருந்தது. கொடுத்தேன். "பிடிக்கிறது வைஸாயிரும். 'மட்டுமே' போச்சு" என்று திருப்பிக் கொடுத்தான். அக்குளில் இடுக்கிப் பார்த்தான். பிறகு அக்குள் கையில் சேர்ந்ததா என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது. ஆஸ்பத்திரி நர்ஸம்மாவிடம் போய்க் கேட்டான்.

"தோள்லருந்து வெரல் வரைக்கும் கைண்ணே. அக்குளு ஒடம்புல சேந்தது. அங்க என்ன, கட்டியா?"

"இல்லம்மா. வில்லு."

அந்தம்மா அவனுக்கு ரத்த அழுத்தம் பார்த்து அனுப்பியது.

நாலாம் நாள் அவன் என் பக்கத்துக்கு வந்தான். சாக்கு போட்ட மிஷின்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இழைப்புளில மரத்தக் காலு பிடிக்குது. கை தள்ளுறது இழைப்புளிய. சரியா?"

"சரி."

"ஒன் மிசின்ல மரத்த எது பிடிக்குது?"

"கை."

"தள்ளுறது?"

"கைதான்."

"சுவிட்சு?"

"வெரலால போடுறது."

"வெரலு கையில சேந்தது. நர்ஸம்மாவே சொல்லிருச்சு." சாக்கை எடுத்து மடித்து வைத்தான். "அப்ப கையால மட்டும் செய்யணும்னா மிசின்லதான் செய்யணும்."

இந்த வில்லும் ஒடிந்தால் மிஷினில் செய்தது என்பான். யார் கேட்டாலும் சொல்வான். மறைக்கத் தெரியாது. அதோடு என் கதை முடிந்தது. அதைச் சொன்னேன்.

"நீ செஞ்சது ஏன் ஒடஞ்சுச்சு தெரியுமா?" என்று கேட்டான்.

"தெரியாது."

கட்டையை நிமிர்த்திக் காட்டினான். "இந்தப் பக்கம் பட்டைய உரிச்சதும் வார எடம். இது வில்லுக்கு முதுகு. ஒரு நாரு இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் அறுபடாமப் போகுது பாரு. வளைஞ்சுதான் போகும். நீ மிசின்ல குடுத்து நேராக்குன. நாரு நடுவுல அறுந்துருச்சு."

"அன்னைக்கே சொல்லிருக்கலாமே."

"வில்லு எப்படி இருக்குன்னு கேட்ட. வழுவழுன்னு இருக்குன்னு சொன்னேன். ஒடையுமான்னு நீ கேக்கலயே."

நான் போய் மெயின் சுவிட்சைப் போட்டேன். மேலே பேசினால் அதையும் வார்த்தை வார்த்தையாகப் பிரிப்பான்.

வேலையை ஆரம்பித்தோம். பேண்ட்சாவில் அதிகப்படியை மட்டும் கழித்தான். முதுகுப் பக்கத்தைக் கடைசி வரை எந்த மிஷினிடமும் காட்டவில்லை. உள்பக்கத்தை மட்டும் சாண்டர் பெல்ட்டில் வைப்பான். வைத்ததும் "ஒண்ணு" என்பான். எடுத்துவிடுவான். சுவிட்சை அணைக்கச் சொல்வான். இரண்டு கையாலும் லேசாக வளைத்து, எந்த இடம் வளையாமல் விறைப்பாக நிற்கிறது என்று பார்ப்பான். அந்த இடத்தை விரலால் தடவி வைத்துக்கொண்டு, மறுபடி சுவிட்சைப் போடச் சொல்வான். மறுபடி "ஒண்ணு". இரண்டு என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"மர அரம் ராவும்போது யோசிக்க நேரம் குடுக்கும். இது யோசிக்கிறதுக்குள்ள தின்னுருது" என்றான். அவன் மிஷினைப் பற்றிச் சொன்ன ஒரே குறை அதுதான்.

பிறகு நாண். வில்லில் நாணேற்ற வேண்டுமானால் ஒரு முனையைக் காலில் அண்டக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தொடையால் வளைக்க வேண்டும். இரண்டும் கை இல்லை.

"ரெண்டு கோடியையும் பிடி" என்றான்.

"நான் எப்படிப் பிடிக்க? என்னைய வேணாம்னுதான எழுதிருக்காக."

"ஒன்னையப் பத்தி ஒண்ணும் எழுதல. கையாலன்னு இருக்கு. யாரு கைன்னு இல்ல."

பிடித்தேன். நான் இரண்டு கோடியையும் அமுக்கினேன். அவன் நாணை மாட்டினான். அந்த நேரம் பார்த்து வாசலில் மண்டிக்காரர் வண்டியை நிறுத்தினார். கக்கத்தில் கமிட்டி நோட்டு. மிஷின் சத்தம் தெரு முனை வரை கேட்டிருக்கிறது.

"ஏலே, மிசின்லயா செய்யிற?"

"ஆமாய்யா."

"என்ன எழுதிக் குடுத்துருக்கு? நீ என்ன செய்யிற?"

"எழுதுனபடிதான் செய்யிறேன்" என்று ஆரம்பித்து, கால், வைஸ், அக்குள், நர்ஸம்மா எல்லாவற்றையும் சொன்னான். மண்டிக்காரர் நின்றபடியே கேட்டார். முடிவில் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இத்தன காலமா வில்லு செஞ்சாகளே. அவுகள்லாம் எப்படிச் செஞ்சாக?"

"மிதிச்சுத்தான்."

"சாமி வில்லையா?"

"வில்லுன்னா மிதிச்சுத்தான் செய்யணும்."

மண்டிக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு குரலை இறக்கி, "அப்படியே நீயும் செஞ்சுட்டுப் போயேம்ப்பா. யாரு பாக்கப் போறாக" என்றார்.

"செய்யிறேன். நோட்டுல ஒரு வரி எழுதிக் குடுங்க. சாமி வில்லைக் காலால் மிதிச்சுச் செய்யலாம்னு. இந்தா, இப்பவே அந்தப் பக்கம் போயி உக்காந்துர்றேன்."

மண்டிக்காரர் நோட்டை மிஷின் மேல் வைத்துத் திறந்தார். பேனாவை எடுத்தார். 'சாமி வில்லை' என்று எழுதினார். 'காலால்' என்று எழுதினார். அதற்கு மேல் பேனா நகரவில்லை. எழுதினதை அடித்தார். தெரியாத அளவுக்கு மறுபடி மறுபடி அடித்தார். தாள் கிழிந்தது.

"சரி, மிசின்னு ஊருக்குள்ள சொல்லாத."

"கேட்டாச் சொல்லுவேன்."

மண்டிக்காரர் என் பக்கம் திரும்பினார். "இது ஒடஞ்சுச்சு, ரெண்டு பேரும் கொட்டகையக் காலி பண்ணிரணும்."

"ஒடையலன்னா?" என்றான் அவன்.

"ஒடையலன்னா என்ன?"

"அதுக்கும் ஒண்ணு சொல்லணும்ல. பாதிதான சொல்லிருக்கீக."

அவர் எரிச்சலில் இருந்தார். "ஒடையலன்னா மறுநாளே என் புது வீட்டுக் கதவு பூராத்தையும் இந்த மிசின்ல போட்டுக்கிடுறேன். போதுமா?"

"போதும்" என்றான்.

தசமி அன்று நான் போவதில்லை என்றுதான் இருந்தேன். அவன் வந்து நின்றான். போனேன். எல்லையில் நல்ல கூட்டம். சாமி ஒற்றைக் காதுக் குதிரையில் உட்கார்ந்திருந்தது. பூசாரி வில்லை எடுத்தார். நாணேற்ற வேண்டும். வழக்கம் போல ஒரு முனையைத் தரையில் ஊன்றி, காலைத் தூக்கினார்.

"சாமி, காலு" என்று மண்டிக்காரர் கத்தினார்.

பூசாரி கொக்கு மாதிரி அப்படியே நின்றார். எத்தனையோ வருஷமாக அவர் அப்படித்தான் நாணேற்றுகிறார். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அன்றைக்குத்தான் அது எல்லோர் கண்ணிலும் பட்டது. கூட்டம் அவர் பாதத்தையே பார்த்தது. அவருக்குக் காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"கைய வச்சுத்தேன் ஏத்தணும்" என்றார் மண்டிக்காரர்.

"கைய வச்சு எப்படிய்யா? எனக்கு ரெண்டுதான இருக்கு."

"நாலு கை வேணும் சாமி" என்று கூட்டத்திலிருந்து இவன் சொன்னான்.

மண்டிக்காரர் பல்லைக் கடித்தார். மேளம் நின்று போயிருந்தது. வேறு வழி இல்லை. "அந்த மிசின்காரனையும் கூப்புடு" என்றார்.

ஒரு வருஷமாக என்னிடம் பேசாதவர்கள் விலகி வழி விட்டார்கள். வில்லை வாங்கினேன். இரண்டு கோடியையும் அமுக்கினேன். அவன் நாணை மாட்டினான். வில் லேசாக முனகியது.

"சத்தம் போடுதே" என்று பல்லுக்குள் சொன்னேன்.

"போடும்" என்றான். அதற்கு மேல் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா. நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

பூசாரி இழுத்தார். பயந்து பயந்து இழுத்தார். பக்கத்தில் நின்றவர்கள் போன வருஷத்தை நினைத்துக் குதிரையை விட்டுத் தள்ளி நின்றார்கள். வில் வளைந்தது. இரண்டு பக்கமும் ஒன்று போல வளைந்தது. அம்பு வாழையில் போய் நின்று ஆடியது. பெண்கள் குலவை போட்டார்கள்.

கூட்டத்தில் ஒருவர் இவன் தோளைத் தட்டினார். "கைவேலைன்னா கைவேலைதேன்யா."

"ஆமா" என்றான். "பூராம் மிசின்."

அவர் சிரித்துக்கொண்டே போனார். இவனுக்கு வேடிக்கையாகப் பேசத் தெரியும் என்று அன்றைக்கு நினைத்திருப்பார்.

இவன் நேராக மண்டிக்காரரிடம் போனான். "மறுநாளுன்னா நாளைக்கி" என்றான். அவர் "ம்" என்றார்.

மறுநாள் காலையில் டிராக்டரில் கதவுப் பலகைகள் வந்து இறங்கின. கூட வந்தவர் பலகைகளை எண்ணி அடுக்கினார். அவன் தன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு செதுக்க ஆரம்பித்தான். நான் சுவிட்சைப் போட்டேன். இரண்டாவது பலகை உள்ளே போகும்போது கூடலூர்க்காரர் வண்டியோடு வந்து வாசலில் நின்றார். மிஷினைக் காட்டி என்னவோ கேட்டார். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை.